மலாயில் பங்கு என்றால் பெஞ்சு

ஜார்ஜ் டவுன், பினாங்கு, மலேசியா
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன், தினமும் அரிசி அளக்கும்போது கண்ணில் படுகிறது. கடைசியில் சிவப்பு மையில் "உயிரோடு இருந்தால் ஒரு வரி போடு" என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்த பிறகும் எழுதாமல் இருந்தது தப்புதான். போனில் பேசலாம் என்றால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. தம்பி பக்கத்தில் நின்று கத்திக் கத்திச் சொல்கிறான். கடைசியில் அது எனக்கும் அவனுக்குமான பேச்சாகத்தான் முடிகிறது.

அம்மா கேட்டதற்கெல்லாம் முதலில் பதில். நன்றாகச் சாப்பிடுகிறேன். சின்ன வெங்காயம் கிடைக்கிறது, நம் பக்கத்திலிருந்துதான் வருகிறதாம், விலை மட்டும் நம் ஊர் விலை இல்லை. குளிர் என்பதே இங்கே கிடையாது. வெளிநாடு என்றால் குளிரும் என்று அவள் கட்டிக் கொடுத்த ஸ்வெட்டர் மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருக்கிறது. மாவு அரைத்து வைத்தால் நாலு மணி நேரத்தில் பொங்கி வழிகிறது. அத்தையின் மீன் குழம்புக்கு நான் அடிமை. ஆனால் கத்தரிக்காய் வதக்கினாலும் ஒரு துண்டு பெலாச்சானைத் தட்டிப் போட்டுவிடுவார். கூனி இறாலை உப்புப் போட்டு இடித்துப் புளிக்க வைத்த கட்டி அது. நம் வீட்டில் கருவாடு வறுத்தால் மேலத்தெரு வரை தெரியுமே, அதற்கு அண்ணன். முதல் ஆறு மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தேன். இப்போது அது இல்லாவிட்டால் எனக்கே சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

அவருக்குத் தொழிற்சாலையில் ஓவர்டைம் இப்போது அவ்வளவாக இல்லை. சாயங்காலம் வீட்டில் இருக்கிறார், நல்லதுதான். நான் மாவு அரைத்து நாலைந்து வீட்டுக்குக் கொடுக்கிறேன், சும்மா பொழுதுபோகத்தான். படத்தில் கழுத்தில் சங்கிலியைக் காணோமே என்று அம்மா கேட்டாளாம். இந்த வியர்வையில் கழுத்து அரிக்கிறது அப்பா. கழற்றிப் பத்திரமான இடத்தில் வைத்திருக்கிறோம்.

சரி, உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். கிராம சபையில் மதகைப் பற்றி மறுபடியும் எழுந்து கேட்டீர்கள், தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டார்கள், அதோடு சரி என்று எழுதியிருந்தீர்கள். இங்கே எங்கள் ஃபிளாட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் ஃபிளாட் பதினேழு மாடி, நாங்கள் ஒன்பதாவது. இரண்டு லிஃப்டில் ஒன்று தீபாவளியிலிருந்து படுத்துவிட்டது. இன்னொன்று தனக்குப் பிடித்த மாடியில் நிற்கும். ஒரு நாள் இரண்டு பெண்கள் படிவத்தோடு வந்தார்கள், ஒரு மலாய்ப் பெண், ஒரு தமிழ்ப் பெண். வீட்டில் எத்தனை பேர், வயசானவர் யார், நடக்க முடியாதவர் யார் என்று எழுதிக்கொண்டார்கள். ஃபிளாட்டைச் சீர்செய்ய ஒரு தொகை இருக்கிறது, எதை முதலில் செய்யலாம் என்று குடியிருப்பவர்களே சொல்ல வேண்டும் என்றார்கள். நான் இந்த ஊர்க் குடிமகள் இல்லை, விசாவில் இருக்கிறவள், என்னை விட்டுவிடுங்கள் என்றேன். அந்தத் தமிழ்ப் பெண் பேனாவை எடுக்காமலே, "அக்கா, நீங்களும் இந்த லிஃப்டில்தானே ஏறுகிறீர்கள்?" என்றாள்.

இது இந்த ஊருக்குப் புதிது இல்லையாம். 2012-இல் பினாங்கு பெண்கள் மேம்பாட்டுக் கழகமும் உள்ளாட்சி மன்றங்களும் சேர்ந்து, தீவில் ஜாலான் சுங்கை அடுக்குமாடியிலும் கடலுக்கு அக்கரையில் அம்பாங்கான் அடுக்குமாடியிலும் முதலில் செய்து பார்த்தார்களாம். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று. எல்லோரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைக்கவில்லை. பெண்கள் தனி, ஆண்கள் தனி, இளவட்டங்கள் தனி, வயசானவர்கள் தனி. நம் கிராம சபையில் பெண்கள் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோமே, அப்படி இல்லை. ஆண்கள் கூட்டத்தில் கார் நிறுத்த இடமும் பந்து விளையாட இடமும் கேட்டார்களாம். எங்கள் கூட்டத்தில் முதல் பேச்சே பின்பக்க மாடிப்படியின் விளக்கு. ட்யூஷன் முடிந்து வரும் மகள் ஏழு மாடியும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வருகிறாள், சத்தம் கேட்டால் யாராவது பின்னால் வருவார்களோ என்று பயம் என்று ஒரு மலாய்க்கார அக்கா சொன்னார். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மாமாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "விளையாட்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு ஓட்டுரிமையை எடுத்துக்கொண்டார்கள்" என்பார். உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், இங்கே மாநகர் மன்றத்துக்குத் தேர்தலே இல்லை. மேயருக்குக் கீழே 24 கவுன்சிலர்கள், எல்லோரும் மாநில அரசு நியமிப்பவர்கள். ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. நாடு சுதந்திரம் அடையும் முன்பே, 1951-இல், ஜார்ஜ் டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்திருக்கிறது. 1957 ஜனவரி 1-ஆம் தேதி இது மாநகரமானது. ஆரம்ப கால மேயர்களில் ஒருவர் யார் தெரியுமா? டி. எஸ். இராமநாதன், தொழிற்கட்சிக்காரர். அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது, மாமா அந்தப் பக்கம் போனால் வண்டியை மெதுவாக்குவார். இந்தோனேசியாவோடு தகராறு வந்த சமயம், 1965-இல், உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். 1976 சட்டத்தில் அதை எடுத்தேவிட்டார்கள். நம் பெரிய தாத்தா ரஜூலா கப்பலில் இங்கே வந்த காலத்தில் தேர்தல் இருந்திருக்கும். நாகப்பட்டினம் வரைக்கும் வழியனுப்பப் போனதாகச் சொல்வீர்களே, அவர் கடிதங்களில் இதைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா? பரணில் தகரப் பெட்டியில் பாருங்கள்.

எனக்கு மாமா சொல்வதும் சரியாகப் படுகிறது, படிவத்தோடு வந்த அந்தத் தமிழ்ப் பெண் சொன்னதும் சரியாகப் படுகிறது. எவ்வளவு பணம் என்பதை யாரோ எங்கேயோ முடிவு செய்துவிட்டு, எதற்கு என்பதை மட்டும் எங்களிடம் கேட்டார்கள். ஆனாலும் கேட்டார்கள் அல்லவா.

ஓட்டுப் போடும் நாள் கீழே கூடாரம் போட்டு, வரிசையாகப் பெட்டி வைத்து, ஒவ்வொன்றிலும் படம் ஒட்டியிருந்தார்கள். லிஃப்ட், விளக்கு, சாக்கடை மூடி, கார் நிறுத்தம், உட்கார பெஞ்சு. ஆளுக்கு ஐந்து சீட்டு. ஒவ்வொன்றிலும் நூறு ரிங்கிட் என்று அச்சடித்திருந்தது, பிள்ளைகள் விளையாடும் பணம் மாதிரி. பத்து வயசுப் பையனுக்கும் அதே ஐந்து, அவன் தாத்தாவுக்கும் அதே ஐந்து. ஐநூறு ரிங்கிட்டைச் சேர்ந்தாற்போல் கையில் பிடித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், கவலைப்படாதீர்கள்.

இங்கே ஆ மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி. எல்லோரும் ஆ மா என்றுதான் கூப்பிடுகிறோம். பெயின்ட் டப்பாவில் ஒரு கறிவேப்பிலைச் செடி வளர்க்கிறார், அவர் சமையலில் அதைத் தொடுவதே இல்லை. முன்பு குடியிருந்த தமிழ்க் குடும்பம் விட்டுப்போனதாம். வெள்ளிக்கிழமை தோறும் எண்ணி இரண்டு கொத்து எனக்கு. மூன்றாவதைத் தொட்டால் கையில் அடி விழும். எனக்கு அவர் பேசும் ஹொக்கியன் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் மலாய் பாதிதான் தெரியும். அந்தப் பாதியில்தான் எங்கள் குடித்தனம்.

பெண்கள் கூட்டத்தில் ஆ மா ஒரே வார்த்தைதான் சொன்னார். "பங்கு." மலாயில் பெஞ்சுக்கு அதுதான் பெயர். கூட்டம் முடியும்வரை பங்கு, பங்கு என்று முழங்காலைத் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது, சிரிப்பு போய்விட்டது.

ஐந்து சீட்டையும் ஆ மா பெஞ்சுப் பெட்டியிலேயே போட்டார். ஐந்தையும் லிஃப்டுக்குப் போடு, அம்மாவால் படி ஏற முடியவில்லை என்று என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நான் லிஃப்டுக்கு இரண்டு, விளக்குக்கு ஒன்று போட்டேன். மீதி இரண்டை பெஞ்சுக்குப் போட்டுவிட்டேன். இது நம்மோடு இருக்கட்டும். எண்ணிப் பார்த்ததில் லிஃப்ட் முதல், விளக்கு இரண்டாவது. பெஞ்சு கடைசி. லிஃப்ட் இப்போது ஓடுகிறது, படியில் வெள்ளை விளக்கு எரிகிறது, அந்த மலாய்க்கார அக்காவின் மகள் செருப்பைப் போட்டுக்கொண்டே வருகிறாள். பெஞ்சு மட்டும் வரவில்லை.

அடுத்த வாரம் சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம். ஆ மா. இரண்டு கையிலும் இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி. ஒன்றை என் கையில் திணித்துவிட்டு லிஃப்டைப் பார்த்து நடந்தார். அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்குக் கீழே தூணோரம் உட்காருகிறோம். பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லை. அவர் பீன்ஸ் நார் உரிப்பார், நானும் ஒரு பிடி எடுத்து உரிப்பேன்.

நேற்று அப்படி உட்கார்ந்திருந்தபோது மழை வந்தது. திண்ணையில் அம்மா முறத்தை மடியில் வைத்து முருங்கைக் கீரை உருவுவதும், மழை சாய்ந்து அடித்தால் காலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு கீரையை விடாமல் உருவுவதும் அப்படியே வந்து நின்றது அப்பா. தூறல் விழுந்த திண்ணை வாசனை கூட வந்தது, இங்கே எல்லாம் சிமென்ட்டுதான், எப்படி வந்தது என்று தெரியவில்லை. இங்கே நான் நாள் முழுக்கப் பேசும் தமிழ் மொத்தமும் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும். ஆ மா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு பிடி பீன்ஸை என் மடியில் போட்டார்.

சரி, வீட்டு விஷயம். பின்கட்டு மனையை விற்று லோடு வண்டி வாங்கத் தம்பி நினைக்கிறான், என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். நகலையும் அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். என் பெயருக்கு நேரே பென்சிலில் புள்ளி வைத்திருக்கிறான். அதற்கு நான் கோலாலம்பூர் போய், இந்தியத் தூதரகத்தில் ஒப்பம் வாங்கி அனுப்ப வேண்டுமாம். பஸ்ஸில் போக மட்டும் ஐந்து மணி நேரம், அவர் ஒரு நாள் லீவு போட வேண்டும், இந்த மாதம் தோதுப்படாது.

செலவுக்காக மட்டும் சொல்லவில்லை. எதற்கு விற்கிறோம் என்று எல்லோரையும் கேட்டீர்களா அப்பா? அம்மாவுக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, மதுரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெரியக்கா நகை வங்கியில் இருக்கிறது, அது அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் இடையில் எவ்வளவு பேச்சு என்று உங்களுக்கும் தெரியும். வண்டி வேண்டாம் என்று சொல்லவில்லை, அவனும் பிழைக்க வேண்டும். எது முதலில் என்பதுதான் கேள்வி. அம்மாவைக் கூட்டத்தில் கேட்காதீர்கள், "உங்க இஷ்டம்" என்பாள். தனியாக, தம்பி வயலுக்குப் போன நேரத்தில், தெற்கு வாசலில் உட்கார வைத்துக் கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள். அதற்குப் பிறகு நான் கையெழுத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

மனையை யார் அளக்க வந்தாலும் மூலையில் இருக்கும் முருங்கையை வெட்டவிடாதீர்கள். வடகம் போட்டிருந்தால் அடுத்த மாதம் வரும் மேலத்தெரு மாமா மகனிடம் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள், ஆ மாவுக்கும் சேர்த்து. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள், பின்னால் இல்லை.

இந்தக் கடிதத்தைத் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாமல், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்களே அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். பெலாச்சானை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
பாப்பா