பயிற்சி தேவைப்படாத தொழிலா பூக்கடை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் சுயதொழில் பற்றி வந்த கட்டுரையில், 'பூக்கடை போல முதலோ பயிற்சியோ தேவைப்படாத தொழில்கள்' என்று ஒரு வரி இருந்தது. எழுதியவருக்கு அது போகிற போக்கில் வந்திருக்கலாம். மதுரையில் மூன்று தலைமுறையாகப் பூக்கடை வைத்திருக்கும் எங்களால் அப்படி விட முடியவில்லை.

தாத்தா கோயிலைச் சுற்றிக் கூடையில் விற்றவர். அப்பா காலத்தில்தான் கடை என்று ஒன்று வந்தது. மல்லி சாயங்காலம் மலரும் பூ. விடியும்முன் மொட்டாகப் பறித்து, மொட்டாகவே விற்றாக வேண்டும். இன்று பறித்ததா, நேற்றைய மிச்சமா என்று அப்பா தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். பூக் கட்டும்போது நாரை இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்த்தினால் தலையில் வைக்கும்முன் பூ உதிரும். என் அத்தையிடம் கட்டக் கற்க வந்த பிள்ளைகள் அரளியிலும் சம்பங்கியிலும் மாதக்கணக்கில் பழகிய பிறகுதான் மல்லியைத் தொட்டார்கள். இது பயிற்சி இல்லையா?

சரி, முதலுக்கு வருவோம், போடுகிற பணத்துக்கு. விடிகாலையில் போட்ட பணம் ராத்திரிக்குள் திரும்ப வேண்டும். மறுநாள் அந்தப் பூவைக் கேட்க ஆளில்லை. 2020 ஊரடங்கில் கோயில் நடை சாத்தியிருந்தது, கல்யாண மாலைக்கு வாங்கிய அட்வான்ஸை எல்லாம் திருப்பிக் கொடுத்தோம். அப்போது பூக்கடைக்காரர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் நான் ஒன்றும் பார்க்கவில்லை.

எங்கள் நினைவு உங்களுக்குத் தை மாதத்தில்தான் வருகிறது. 'மல்லி விலை கிடுகிடு உயர்வு' என்று பெரிய தலைப்பு. மார்கழிப் பனியில் மொட்டு குறையும், பொங்கலும் முகூர்த்தமும் சேர்ந்து வரும், விலை ஏறும். தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் தலைப்பை மட்டும் படித்தவர்கள் கடை வாசலில் நின்று எங்களைக் கொள்ளைக்காரர்கள் என்கிறார்கள். கோடையில் மாட்டுத்தாவணி பூச்சந்தையில் பூ குவிந்து, விலை விழுந்து, பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயி தவிக்கும்போது நிருபர் யாரும் வருவதில்லை.

2013ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த இதழ், நீளமான காம்பு என்று எல்லோரும் எழுதினார்கள். சந்தோஷம்தான். அந்தக் காம்பைப் பிடித்து நாள் முழுக்கக் கட்டுகிற பெண்களுக்கு என்ன கூலி என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், தை மாதம் போடுகிற மல்லி விலையைக் கோடையிலும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூ வியாபாரி ஒருவர், மதுரை.