நிலத்துக்கு வில்லங்கம் பார்க்கிறோம், படகுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் பென்னாகரம் வட்டத்தில் 27 ஆண்டுகளாகப் பத்திரம் எழுதி வருபவன். அரை சென்ட் இடமானாலும் முந்தைய உரிமையைக் காட்டும் தாய்ப்பத்திரம் கேட்பேன், இடத்தின்மேல் கடனோ வேறு விற்பனையோ பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வில்லங்கச் சான்று போடுவேன், நான்கு பக்க எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியையும் வாய்விட்டுப் படித்துக்காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்குவேன். அப்படிப்பட்ட நான், என் தங்கையின் கணவர் படகு வாங்கியபோது ஒரு துண்டுத் தாள்கூட எழுதி வைக்கவில்லை. "படகுக்கு எதற்கு மச்சான் பத்திரம்?" என்று கேட்டார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மேட்டூர் நீர்த்தேக்கக் கரையில் இருக்கும் எங்களுக்குப் படகுதான் பஸ். நாகமரையில் ஏறிப் பண்ணவாடியில் இறங்குபவர்களைக் கேட்டால் தெரியும். மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு சேலம் மாவட்டத்துக்குப் போய்விடலாம். சாலையில் போவதென்றால் வெகுதூரம் சுற்ற வேண்டும். மாப்பிள்ளையின் படகும் எங்கள் பகுதித் துறை ஒன்றில் அப்படி ஆளேற்றிய விசைப்படகுதான். ஒரு பட்டறையில் இரும்புத் தகடு அடித்துச் செய்தது. டீசல் இன்ஜினோடு சேர்த்து 2,40,000 ரூபாய் ஆயிற்று. அதில் 80,000 தங்கையின் நகையை அடகு வைத்த பணம்.

சென்ற ஆண்டு ஜனவரி 22 அன்று மாப்பிள்ளை மாரடைப்பில் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடித்துத் துறைக்குப் போனால், கட்டியிருந்த இடத்தில் கயிறு மட்டும் கிடந்தது. அவருக்கு உதவியாகப் படகில் இருந்தவர், "அவர் உயிரோடு இருந்தபோதே எனக்குக் கிரயம் கொடுத்துவிட்டார், நான் அக்கரையில் விற்றுவிட்டேன்" என்று 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தத்தை நீட்டினார்.

தாளைப் பார்ப்பது என் தொழில். உள்ளே போட்டிருந்த தேதி நவம்பர் 14. தாளை விற்றவர் தம் முத்திரைக்குப் பக்கத்தில் நீல மையில் எழுதியிருந்த தேதி பிப்ரவரி 2. மாப்பிள்ளை இறந்து 11 நாள் கழித்து விலைக்கு வாங்கிய தாளில், அவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே கைரேகை வைத்திருக்கிறாராம். பத்தாம் வகுப்பு வரை படித்தவர் அவர். ஒரு நாளும் எதிலும் கைரேகை வைத்தவரில்லை.

இவ்வளவு தெளிவாக இருந்தும் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இந்தக் கரைக் காவல் நிலையத்தில், "படகு இருப்பது அக்கரையில், அங்கே போங்கள்" என்றார்கள். அங்கே போனால், "விற்ற ஆள் உங்கள் மாவட்டம்" என்றார்கள். மூன்றாம் முறை போனபோது ஓர் அதிகாரி பொறுமையாக உட்காரவைத்து, "இந்தப் படகு உங்கள் தங்கை கணவருடையது என்பதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 27 ஆண்டுகளாக நான் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியும் அதுதான்.

பட்டறைக்காரர் பில் கொடுத்ததில்லை. இன்ஜின் வாங்கிய பில்லைத் தங்கை பீரோவில் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள். ஆனால் அது கடைகளில் மிஷினில் வரும் வழவழப்பான தாள். எழுத்தெல்லாம் மறைந்து வெறும் தாளாகக் கிடந்தது. அக்கரைக்குப் போய்ப் படகைப் பார்த்தோம். பச்சை நிறத்தில் இருந்ததற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இன்ஜின் எண் பொறித்த தகட்டைப் பிடுங்கியிருந்தார்கள், நான்கு ரிவெட் ஓட்டைகள் மட்டும் இருந்தன. தங்கை ஒன்றும் பேசாமல் படகின் முன்பக்கம் போய்க் குனிந்து, விளிம்புக்குக் கீழே கையை வைத்துத் தடவினாள். பாறையில் இடித்துக் கிழிந்த இடத்தில் மாப்பிள்ளை வெல்டிங் வைத்த உள்ளங்கை அகல ஒட்டு, புது பெயிண்டுக்கு அடியிலும் மேடு தட்டியது. "இது எங்கள் படகு" என்றாள். அவளிடம் இருந்த ஒரே ஆவணம் அந்த மேடுதான்.

படகை வாங்கியவரையும் நான் குறை சொல்லவில்லை. இரண்டு கறவை மாடுகளை விற்று, மேலும் கடன் வாங்கி, 1,10,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். தனக்குச் சொந்தமில்லாத பொருளை விற்றவனிடம் வாங்கினால் வாங்கியவனுக்கும் உரிமை வராது என்பது 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தில் உள்ள விதி. வழக்கு எங்கள் பக்கம் தீர்ந்தால் அவர் குடும்பம் தெருவுக்கு வரும், அவர் பக்கம் தீர்ந்தால் என் தங்கை குடும்பம். வாங்குவதற்கு முன்னால் அவர் எங்கே போய் விசாரித்திருக்க முடியும்? அப்படி ஓர் இடமே இல்லையே!

படகு ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அசையும் சொத்து ஆவணத்தையும் விரும்பினால் பதியலாம்தான். ஆனால் அது பதிவு அலுவலகத்தில் 4ஆம் புத்தகம் என்ற பதிவேட்டில் ஏறும். நிலத்துக்கு வில்லங்கம் பார்ப்பது 1ஆம் புத்தகத்தை வைத்து. 4ஆம் புத்தகத்தின் நகலை எழுதிக் கொடுத்தவரும் அந்த ஆவணத்தால் உரிமை பெற்றவரும்தான் வாங்க முடியும், வெளியாள் பார்க்க முடியாது. ஆகவே பதிந்து வைத்திருந்தாலும் அக்கரைக்காரர் கண்ணில் அது பட்டிருக்காது. நிலம் நான்கு எல்லைக்குள் கிடக்கும், எங்கும் போகாது. படகோ அரை மணி நேரத்தில் மாவட்டம் தாண்டிவிடும். நிலத்துக்கு இருப்பதைவிடக் கெட்டியான பதிவு படகுக்குத்தான் தேவை.

புதுச் சட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 2021இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்துவிட்டது. விசை பொருத்திய படகு பதிவுச் சான்று இல்லாமல் ஓடக்கூடாது, பதிவு எண்ணைப் படகில் தெரியும்படி போட வேண்டும், விவரங்கள் நாட்டுக்கே பொதுவான மின்னணுத் தரவுத்தளத்தில் ஏற வேண்டும் என்கிறது அது. விசையில்லாத பரிசல், ஓடங்களை உள்ளாட்சி அமைப்புகளிலேயே பதிந்து சான்று தரவும் வழி வைத்திருக்கிறது. கடலோர மாவட்டங்களில் மீன்பிடிப் படகுகளில் 'ஐஎன்டி டிஎன்' என்று தொடங்கும் எண்ணைத் தூரத்திலிருந்தே படிக்கலாம். நம் மாவட்டத்தில் நான் போய்ப் பார்த்த துறைகளில் அப்படி ஓர் எண்ணைக் காணவில்லை. பழைய மொபெட்டுக்குக்கூட ஆர்.சி. புத்தகம் உண்டு. இருபது பேர் உயிரை நம்பி ஏறுகிற படகுக்கு இல்லை.

தருமபுரி மாவட்ட நிர்வாகத்தை நான் வேண்டுவது இதுதான். அதிகாரிகள் துறைகளுக்கே வந்து முகாம் போட்டுப் படகுகளைப் பதிய வேண்டும். எண்ணைப் பெயிண்டில் எழுதினால் போதாது, தகட்டில் வெட்ட வேண்டும். வெளியே ஓரிடம், உள்ளே எளிதில் கண்ணில் படாத ஓரிடம். விற்பவரும் வாங்குபவரும் நேரில் வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டால்தான் பெயர் மாற்றம் என்று இருக்க வேண்டும், உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று இல்லாமல் மாற்றக்கூடாது. முக்கியமாக, எண்ணைச் சொன்னால் யாருடைய படகு, அதன்மேல் கடன் இருக்கிறதா என்பதை யார் கேட்டாலும் சொல்லும் ஏற்பாடு வேண்டும். ஒகேனக்கல் பரிசல் ஓட்டிகளுக்கும் கிருஷ்ணகிரி அணையில் பரிசலை நம்பி வாழ்பவர்களுக்கும் இது உதவும்.

அது வரும்வரை படகு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இன்ஜின் எண் படிக்கத் தெரியும்படி ஒரு படம், படகின் பக்கத்தில் குடும்பத்தோடு நின்று ஒரு படம் எடுங்கள். பில்லை இன்றே நகல் எடுங்கள். படகின் நீளம், அகலம், ஒட்டு, வடு எல்லாவற்றையும் எழுதி இரு கரையிலும் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். என்னிடம் வருபவர்களுக்கு இதைக் காசு வாங்காமல் எழுதித் தருகிறேன். இதுவரை 14 பேருக்கு எழுதியிருக்கிறேன்.

எங்கள் புகாருக்கு மனு ரசீது மட்டும் கிடைத்திருக்கிறது. தீர்வு வரும்வரை யாரும் ஓட்டுவதில்லை என்று இரு வீட்டாரும் பேசி, படகை அக்கரையிலேயே கட்டி வைத்திருக்கிறோம். அக்டோபர் 2 கிராம சபையில் வைப்பதற்குத் தீர்மான நகல் எழுதி முடித்துவிட்டேன். முதல் கையெழுத்து என் தங்கையுடையது. இரண்டாவது, படகை வாங்கி ஏமாந்த அந்த அக்கரைக்காரருடையது. அவர் தம் ஊர்ச் சபையிலும் அதே நகலை வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். மற்றத் துறைக்காரர்களுக்கும் நகல் வேண்டுமானால் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் ஒருவர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.