மொட்டில் இல்லாத வாசம்

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ பஸ்ஸில் கொடுத்துவிட்ட மல்லி மொட்டு, வாழை இலைப் பொட்டலம் கசங்காமல் வந்து சேர்ந்தது. பாதியை வீட்டில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டார்கள். மிச்சம்தான் வாசத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க லேபுக்குப் போனது.

திட்டாதே, முதல் தடவை சொதப்பிவிட்டேன். காலை பத்து மணிக்கே மூடிய மொட்டைக் குப்பியில் போட்டுப் பார்த்தேன். கருவியில் கோடு ஏறக்குறைய படுத்தே கிடந்தது. மூடிய மொட்டு மணப்பதில்லை என்பது பூக்கட்டும் கிழவிக்கும் தெரியும், எனக்கு உறைக்கவில்லை. இதழ் விரியும்போதுதான் பூ வாசத்தை வெளியே விடுகிறது.

சாயங்காலம் வரை காத்திருந்தேன். ஏழு மணிக்குப் பூ அவிழ்ந்ததும், ஊசிக்குள் இருக்கும் முடியளவு நாரைக் குப்பிக்குள் நீட்டி, பூவில் படாமல் அரைமணி நேரம் வைத்தேன். காற்றில் மிதக்கும் வாசத்தை அந்த நார் பிடித்துக்கொள்ளும். பிறகு கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற அந்தக் கருவியில் சூடாக்கினால், முப்பது மீட்டர் நீள மெல்லிய குழாய் வழியே ஒவ்வொரு பொருளாகப் பிரிந்து வரும்.

இந்த முறை கோடு மேலே ஏறியது. கொத்தமல்லி விதையில் இருக்கிற லினலூல், பழ வாசம் வீசும் பென்சைல் அசிடேட், பச்சை ஆப்பிள் தோலில் இருக்கும் ஃபார்னசீன் எல்லாம் வந்தன. இவற்றுக்கு நடுவில் கோட்டில் சின்னதாக ஒரு மேடு, இண்டோல் என்ற பொருள். அதன் பாட்டிலைத் திறந்தால் கக்கூஸ் நாற்றம். பக்கத்து மேஜைக்காரர் எழுந்தே போய்விட்டார். அதையே ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்து முகர்ந்தால் பூ வாசம்! மல்லிக்கு அந்தக் கிறக்கத்தைத் தருவது இதுதான் என்பது என் எண்ணம். இது இல்லாவிட்டால் வெறும் சோப்பு வாசம்தான் மிஞ்சும்.

அண்டாவில் காய்ச்சி எண்ணெய் எடுக்கலாமா என்று கேட்டாயே, வேண்டாம். அந்தச் சூட்டில் மல்லி கெட்டுவிடும். ஃபேக்டரியில் மொட்டை ராத்திரி விரியவிட்டு, ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து மெழுகுபோல எடுப்பார்கள். அதிலிருந்து ஆல்கஹாலால் வாசத்தைப் பிரிப்பார்கள். உன் தோட்டத்து அளவுக்கு அது கட்டாது.

2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மதுரை மல்லிக்குத்தான் வாசம் அதிகமா என்றும் கேட்டிருந்தாய். ஒரு பொட்டலத்தை வைத்து அப்படிச் சொல்லமாட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க, சத்தியமங்கலம் மொட்டுக்கு இங்கே சொல்லிவைக்கிறேன். நீயும் அதே நாளில் அனுப்பு, பறித்த நேரத்தைப் பொட்டலத்தின் மேல் எழுதி. ரெண்டு பொட்டலமாக அனுப்பு. வீட்டில் இனி பாதியோடு விடமாட்டார்கள்.

உன்
பழைய பெஞ்சுத் தோழன்