தண்ணீர் காட்டுவது பற்றி: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஜி.என்.டி. சாலையோரம் இருக்கும் நமது வால்வுப் பட்டறையை உங்களில் பெரும்பாலோர் நேரில் அறிவீர்கள். மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளும், எல்லை தாண்டித் தடா, ஸ்ரீசிட்டி, நாயுடுப்பேட்டை ஆலைகளும் பல ஆண்டுகளாக எங்களை நம்பி வால்வுகளை அனுப்பி வருகின்றன. வண்டி எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டுவதற்கு முன்பே "பண்டி வச்சிந்தா?" (வண்டி வந்துவிட்டதா?) என்று தெலுங்கில் ஸ்டோர்ஸிலிருந்து போன் வந்துவிடும் அளவுக்குப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தின் உரிமையில்தான் இம்மடலை எழுதுகிறேன். விலைவாசி பற்றியும் ஒரு செய்தி உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சென்ற மாதம், அதற்கு ஐந்து மாதம் முன்பு எங்களிடம் சோதனை முடித்துச் சான்றிதழுடன் சென்ற ஓர் அவசர அடைப்பு வால்வு (ஆபத்து நேரத்தில் குழாயைத் தானே மூடுவது), ஒரு ஆலையில் டிரிப் சோதனையின்போது (மின்சாரத்தை அறுத்து மூடவைத்துப் பார்ப்பது) உரிய நேரத்தில் மூடவில்லை. உள்ளே துளையிட்ட பந்து சுழன்று மூடும் எட்டு அங்குலப் 'பால்' (ball) வால்வு. எங்கள் சான்றிதழில் ஆறு வினாடியில் மூடியதாக இருக்கிறது. ஆலையில் ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டது. ஷட்டவுனுக்குப் பின் ஆலையைத் தொடங்கும் முன் செய்த சோதனை என்பதால் யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் அதற்கு மறுநாளே, பராமரிப்புத் துறையினர் பலர் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றத் தொடங்கியது. "அவங்க தண்ணி காட்டிட்டு சர்டிபிகேட் குடுத்துடுவாங்க" என்பது அதில் வரும் வாசகம். நல்லெண்ணம் கொண்ட நான்கு வாடிக்கையாளர்கள் அதை எனக்கே அனுப்பி வைத்தார்கள்.

வால்வு மாட்டிக்கொண்டது என்று சொல்லியிருந்தால் நான் வருந்தியிருப்பேனே தவிர, இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். இயந்திரம் என்றால் மாட்டும். ஆனால் தண்ணி காட்டுகிறோம் என்ற சொல், இருபத்தோரு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் கை கருத்த ஒருவனுக்கு எப்படி இருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்க வேண்டும். ஆம், நாங்கள் தண்ணீர்தான் காட்டுகிறோம். 150 என்ற அழுத்த வகுப்பைச் சேர்ந்த சாதாரணக் கார்பன் ஸ்டீல் வால்வின் உடல், அறை வெப்பத்தில் தாங்க வேண்டிய அழுத்தம், பார் என்ற அலகில், 19.6, அதன் ஒன்றரை மடங்கை முழு எண்ணாக உயர்த்தி, 30 பார் அழுத்தத்தில் தண்ணீரை ஏற்றி, உடலில் எங்கும் வியர்வை போலக்கூடக் கசிவில்லை என்று பார்க்கிறோம். பிறகு வால்வை மூடி, 1.1 மடங்கு அழுத்தத்தில் சீட்டை, அதாவது ஓட்டத்தை அடைக்கும் உள்வளையத்தை, சோதிக்கிறோம். அதன்பின் ஏறக்குறைய 4 முதல் 7 பார் வரையிலான காற்றை ஒரு பக்கம் கொடுத்து, மறுபக்கத்துக் குழாயைத் தண்ணீர்க் குவளையில் அமிழ்த்தி, குமிழி வருகிறதா என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறோம். மென்சீட்டு வால்வில் (உள்வளையம் பிளாஸ்டிக் போன்ற மென்பொருளால் ஆனது) ஒரு குமிழி வந்தாலும் தோல்விதான். வால்வுச் சோதனைக்கான ஏ.பி.ஐ. 598 என்ற அமெரிக்கத் தரநிலை கேட்பது இதைத்தான். அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வால்வுக்கு குளோரைடு, அதாவது உப்பின் கூறு, மிகக் குறைவாக உள்ள தண்ணீரைக் கேட்கிறது என்பதையும், பழவேற்காடு ஏரியை ஒட்டிய எங்கள் பகுதியில் போர்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதையும் அறிந்தவர்கள், ஆர்.ஓ. தண்ணீரை லாரியில் விலைக்கு வாங்கித்தான் நாங்கள் தண்ணி காட்டுகிறோம் என்பதைப் புரிந்துகொள்வார்கள்.

இனி, அந்த வால்வுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல வேண்டும். எங்களிடம் வந்தவை வால்வும், அதன் மேலிருந்து அதைத் திருப்பும் ஸ்பிரிங் ஆக்சுவேட்டரும் மட்டுமே. ஆக்சுவேட்டருக்குக் காற்றை விடும் சிறு மின் வால்வான சொலினாய்டு வால்வு வரவில்லை. கேபிளைக் கழற்ற மறுபடி ஒரு பெர்மிட் வேண்டும் என்பதால் அதை ஆலையிலேயே, டியூபைக் கழற்றிய நிலையில் தொங்கவிட்டிருந்தார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பாதிப் பேர் அப்படித்தான் அனுப்புகிறார்கள். மின்சாரம் இருக்கும்வரை சொலினாய்டு காற்றை ஆக்சுவேட்டருக்குள் அனுப்பி, ஸ்பிரிங்கை அமுக்கி, வால்வைத் திறந்து வைத்திருக்கும். மின்சாரம் அறுந்ததும் உள்ளே இருக்கும் காற்று சொலினாய்டின் வெளியேற்றுத் துளை வழியாகப் போக வேண்டும். காற்று போனால்தான் ஸ்பிரிங் விரியும், ஸ்பிரிங் விரிந்தால்தான் வால்வு மூடும். எங்கள் பெஞ்சில் நாங்கள் அதை எங்கள் சொலினாய்டால் மூடிப் பார்த்தோம். ஆறு வினாடியில் மூடியது. அது பொய்யன்று.

குரல்பதிவு வந்த மறுநாள் நானே அந்த ஆலைக்குச் சென்றேன். சொலினாய்டைக் கழற்றி, வெளியேற்றுத் துளையைக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தபோது, கால் அங்குலத் துளையின் வாய் முழுவதும் சாம்பல் நிறக் களிமண்ணால் வழவழவென்று பூசப்பட்டிருந்தது. ஊசியால் குத்தினால் உதிரவில்லை. சிறு ஸ்க்ரூடிரைவரால் நெம்பியபோது மண் விரல்நுனி அளவுக்கு ஒரே துண்டாக வந்தது, அதன் பின்னால் காய்ந்துபோன குட்டிச் சிலந்திகள் ஐந்தாறு விழுந்தன. குளவிக்கூடு. வால்வு எங்கள் பட்டறையில் இருந்த மூன்று வாரத்தில், மூடியில்லாத துளையைப் பார்த்துக் குளவி குடிவந்திருக்கிறது. வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. சொலினாய்டில் கட்டினால் ஏழு நிமிடம் பிறக்கும் என்பதை அன்று கண்டேன். வெளியேற்றுத் துளைக்குப் போட வேண்டிய சல்லடை மூடி அதில் இல்லை. அது இருபது, முப்பது ரூபாய்ப் பொருள்.

வால்வைத் திரும்பப் பொருத்தியபோது திறந்து பார்த்திருக்கிறார்கள். திறந்தது, பச்சை விளக்கு எரிந்தது. திறக்கும்போது வெளியேற்றுத் துளைக்கு வேலையே இல்லை என்பதால் அடைப்பு தெரியவில்லை. டிரிப் கொடுத்து மூடிப் பார்க்கவில்லை. ஐந்து மாதம் அந்த வால்வு பச்சை விளக்குடன், பார்ப்பதற்கு ஆரோக்கியமாக நின்றிருக்கிறது. அவசர அடைப்பு வால்வின் சங்கடமே இதுதான்: மற்ற வால்வுகள் கெட்டால் உற்பத்தி உடனே காட்டிக்கொடுக்கும், இது கெட்டால், மூடச் சொல்லும் நாள் வரை யாருக்கும் தெரியாது.

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பதினேழு ஆண்டுகள் எங்களிடம் இருந்த மூத்த ஃபிட்டர் ஒருவர், மூட்டுவலி காரணமாகச் சித்திரையோடு வேலையிலிருந்து நின்றுகொண்டார். ஆக்சுவேட்டருடன் எந்த வால்வு வந்தாலும், ஆலைக்குப் போன் செய்து "சொலினாய்டு எங்கே சார்?" என்று கேட்பது அவர் வழக்கம். அது எழுதப்பட்ட விதி அன்று, அவருடைய குணம். அவர் போனபின் அக்கேள்வியும் போய்விட்டது என்பதை இந்தச் சம்பவத்திற்குப் பிறகே உணர்ந்தேன். எங்கள் சான்றிதழில் மூடும் நேரம் என்று இருந்ததே தவிர, யாருடைய சொலினாய்டால் என்று எழுதியிருக்கவில்லை. படிப்பவர் முழுத் தொகுதியும் சோதிக்கப்பட்டது என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல இயலாது.

இதை ஒரு கணக்காகப் பார்த்தால் விளங்கும். ஒரு பேச்சுக்கு, இத்தகைய வால்வுத் தொகுதி ஐம்பதில் ஒன்று, ஓராண்டில் வெளியே தெரியாமல் கெட்டுப்போகும் என்று கொள்வோம். ஆண்டுக்கொரு முறை முழுமையாகச் சோதித்தால், கெட்டது சராசரியாகப் பாதி ஆண்டு தெரியாமல் கிடக்கும் என்பதால், எந்தவொரு நாளிலும் அது மூடாமல் போகும் வாய்ப்பு சராசரியாக நூற்றுக்கு 1. சோதனையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எனத் தள்ளினால் நூற்றுக்கு 3. ஆலைப் பாதுகாப்பு அமைப்புகளுக்கான ஐ.இ.சி. 61511 என்ற சர்வதேசத் தரநிலையில் எஸ்.ஐ.எல். 2 என்ற நம்பகத்தன்மை மட்டத்தில் வரும் பாதுகாப்பு அமைப்புக்கு, உணரி, லாஜிக், வால்வு எல்லாம் சேர்ந்தே நூற்றுக்கு 1-க்குக் கீழே இருக்க வேண்டும். இப்போது அந்தக் கோளாறுகளில் பத்தில் ஒரு பங்கு மட்டும் சொலினாய்டால் வருவது என்று வைத்துக்கொண்டு, வால்வை ஆண்டுதோறும் ஒழுங்காகச் சோதித்து, சொலினாய்டை மட்டும் பத்து ஆண்டுகள் யாரும் தொடாமல் விட்டால், வாய்ப்பு நூற்றுக்கு 1.9 ஆகிவிடும். பத்தில் ஒரு பங்கைச் சோதிக்காமல் விட்டதில் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நாங்கள் எவ்வளவு சுத்தமான தண்ணீர் காட்டினாலும் இதை மாற்ற முடியாது.

பகுதி ஸ்ட்ரோக் சோதனை செய்கிறோமே, போதாதா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். ஓடும் ஆலையில் வால்வைப் பத்து, இருபது சதவீதம் மட்டும் அசைத்துப் பார்ப்பது நல்ல வழக்கம்; தண்டு இறுகியிருந்தாலும், தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கிளாண்டு பேக்கிங்கைக் கசிவுக்குப் பயந்து யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருந்தாலும் அதில் தெரிந்துவிடும். ஆனால் சீட்டு முழுமையாக அடைக்கிறதா என்பது அதில் தெரியாது. மேலும், பொசிஷனர் (வால்வை வேண்டிய அளவுக்குத் திறந்து நிறுத்தும் கருவி) வழியாக அசைக்கும் அமைப்புகள் சிலவற்றில் சொலினாய்டு அந்தச் சோதனைக்குள் வருவதே இல்லை. உங்களுடையது எந்த வகை என்பதை இன்ஸ்ட்ருமென்ட் பிரிவினரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சோதனை முடிந்தபின் பழைய நிலைக்கு மீட்டுக் கட்டுவதும் சோதனையின் பகுதியே என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் தொட்டி நிரம்பி வழிந்து பெருவெடிப்பு நேர்ந்தது. நிரம்பும் முன் வரத்தை நிறுத்த வேண்டிய தனி உயர்மட்ட சுவிட்ச் இருந்தது; அதன் சோதனை நெம்புகோலை இயங்கு நிலையில் பிடித்துவைக்க வேண்டிய பூட்டு போடப்படாததால் அது செயலற்றுக் கிடந்தது என்று விசாரணை கண்டறிந்தது. அந்தப் பூட்டு எதற்கு என்பதே அங்கிருந்தவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அங்கே பூட்டு, இங்கே சல்லடை மூடி.

ஆகவே சில மாற்றங்களைச் செய்கிறோம். இனி எங்கள் சான்றிதழின் முதல் வரியிலேயே எங்களிடம் வந்த பாகங்கள் எவை, வராதவை எவை என்று இருக்கும். சொலினாய்டு வராத வால்வுக்கு மூடும் நேரத்தை எழுத மாட்டோம். "பட்டறைச் சொலினாய்டால்" என்று குறித்து எழுதச் சொல்லி வற்புறுத்தினாலும் எழுதுவதாக இல்லை. வந்த சொலினாய்டுகளுக்குச் சல்லடை மூடியை நாங்களே இலவசமாகப் போட்டு அனுப்புவோம். பொருத்தியபின் டிரிப் கொடுத்து மூடும் நேரத்தை அளக்க ஆலைக்கே ஆள் அனுப்பவும் ஆயத்தமாக இருக்கிறோம். பயணச் செலவு மட்டும் தனி. அழுத்தமானிகளில் ஒன்றின் அளவுத்திருத்தக் காலம் 19 நாட்கள் தாண்டியிருந்தது தெரியவந்து புதுப்பிக்கப்பட்டுவிட்டது. அந்நாட்களில் சோதிக்கப்பட்ட 14 வால்வுகளின் உரிமையாளர்களுக்குத் தனிக் கடிதம் வரும், மறுசோதனைக்குக் கட்டணமில்லை.

சீட்டு, சீல் கிட் விலையும், தண்ணீர் லாரி வாடகையும், திறமையான ஃபிட்டருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளமும் ஏறிவிட்ட நிலையில், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து சோதனைக் கட்டணத்தை 12 சதவீதம் உயர்த்துகிறோம். மூன்று ஆண்டுகளாக உயர்த்தவில்லை என்பது பழைய பில்களைப் பார்த்தால் தெரியும்.

அந்தக் குரல்பதிவைக் கேட்ட பின்னும் வழக்கம்போல வண்டி அனுப்பியவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். சம்பந்தப்பட்ட ஆலையினரே, கூட்டைக் கையில் வைத்துக் காட்டியபோது சிரித்துவிட்டு, அடுத்த ஆறு வால்வுகளை எங்களிடமே அனுப்பினார்கள், இம்முறை சொலினாய்டுகளோடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மின்சாரம் இல்லாமல் நாங்கள் முடங்கிக் கிடந்தபோது, கேட்காமலே ஜெனரேட்டரை ஏற்றி அனுப்பிய வாடிக்கையாளரையும் மறக்கவில்லை. பதிவில் பேசியவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை. அவர் என்றாவது ஒரு நாள் நேரில் வந்தால், பெஞ்சருகே ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, குமிழி எண்ணும் வேலையை அவரிடமே கொடுக்க விருப்பம்.

அடுத்த முறை வால்வைக் கழற்றும்போது அன்புகூர்ந்து சொலினாய்டையும் சேர்த்துக் கழற்றி, திறந்த துளைகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் மூடியோ, இல்லாவிட்டால் டேப்போ போட்டு, இரண்டையும் ஒரே பெட்டியில் அனுப்புங்கள். பொருத்தும் முன் அந்த டேப்பை மறவாமல் உரித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
பட்டறை உரிமையாளர்