ஏழாவது நகர்த்தலில் கேஸ்லிங் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரூய் லோபஸுக்கு (வெள்ளை மூன்றாவது நகர்த்தலில் பிஷப்பை பி5-க்குக் கொண்டுவரும் தொடக்கம்) எதிராகக் கறுப்பில் ஆடும் பிள்ளைகள் மூன்றாவது நகர்த்தலில் டி6 ஆடிவிட்டு (சிப்பாயை டி6 கட்டத்துக்கு நகர்த்திவிட்டு), கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் நகர்த்தி ராஜாவைப் பத்திரப்படுத்துவது) செய்துகொண்டு நிதானமாக யோசிக்கலாம் என்று சென்ற இதழின் சிறுவர் செஸ் பகுதி சொல்கிறது. இது ஸ்டைனிட்ஸின் பழைய டிஃபன்ஸ் (தற்காப்பு முறை). முதல் உலக சாம்பியனான அவரும், பின்னால் வந்த லாஸ்கரும் கேப்பபிளாங்காவும் ஆடியதுதான். ஆகவே டி6-இல் குற்றமில்லை. குற்றம் அந்தக் கேஸ்லிங்கில் இருக்கிறது. சென்னையில் ஞாயிறு ரேபிட் (குறைந்த நேர) போட்டிகளுக்கு வரும் சின்னப் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு அப்படியே ஆடுவார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

வரிசை இது (ஒவ்வொரு எண்ணிலும் முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு; மூன்று புள்ளி இருந்தால் கறுப்பின் நகர்த்தல்; காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய்): 1.இ4 இ5 2.குதிரை எஃப்3, குதிரை சி6 3.பிஷப் பி5, டி6 4.டி4, பிஷப் டி7 5.குதிரை சி3, குதிரை எஃப்6 6.கேஸ்லிங், பிஷப் இ7 7.யானை இ1.

யானை இ1-க்கு வரும்வரை, வெள்ளை இ5-ஐ வெட்டினால் கறுப்பு இ4-ஐ வெட்டிச் சமன் செய்துகொள்ளும். வந்த பிறகு அந்தக் கணக்கு செல்லாது. கறுப்பு கேஸ்லிங் செய்தால், 8.பிஷப் சி6-இல் வெட்டும், பிஷப் திருப்பி வெட்டும், 9.இ5-இல் சிப்பாய்கள் மாறும், 10.ராணிகள் டி8-இல் மாறும்; 11.குதிரை இ5 சிப்பாயை எடுத்துவிடும். இத்தோடு விட்டால் ஒரு சிப்பாய்தான் நஷ்டம். பதிலுக்கு இ4-ஐ எடுக்கப் போனால்தான் ஆட்டமே போகிறது. 11...பிஷப் இ4-ஐ வெட்ட, 12.வெள்ளைக் குதிரை அந்த பிஷப்பை வெட்ட, கறுப்புக் குதிரை திருப்பி வெட்ட, 13.குதிரை டி3! (அவசரப்பட்டு யானையால் இ4 குதிரையை வெட்டினால் டி1-இல் செக் விழுந்து, பின்வரிசையில் வெள்ளைக்கே மேட்.) இப்போது இ4 குதிரை நகர்ந்தால் இ7 பிஷப் போய்விடும். ராஜா ஜி8-க்குப் போய்விட்டதால் அந்த பிஷப்புக்குக் காவல் இல்லை.

13...எஃப்5 14.எஃப்3, பிஷப் சி5 செக். பத்தாவது நகர்த்தலில் ராணியை ஏ8 யானை வெட்டியிருந்தால், 15.குதிரை சி5-ஐ வெட்டும், குதிரை திருப்பி வெட்டும் 16.பிஷப் ஜி5, யானை டி5 17.பிஷப் இ7, யானை இ8 18.சி4. டி5 யானை விரட்டப்பட்டதும் சி5 குதிரை காவலின்றி விழும். எஃப்8 யானை வெட்டியிருந்தால் வழி இன்னும் குறுகியது: 15.ராஜா எஃப்1, கறுப்புக்கு ஒரு காய் போயிற்று. ஜெர்மன் மாஸ்டர் டாராஷ் 1891-இலேயே அச்சில் வெளியிட்ட கணக்கு இது; அடுத்த ஆண்டு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரப் போட்டியில் மார்கோ என்ற மாஸ்டர் அவரிடமே இதில் விழுந்தார். மாஸ்டருக்கே இந்த நிலை.

ஏழாவதில் கறுப்பு ஆட வேண்டியது, இ5 சிப்பாயால் டி4-ஐ வெட்டுவது. 8.குதிரை திருப்பி வெட்டிய பின் கேஸ்லிங் செய்யலாம். ஆனால் மையம் வெள்ளையின் கைக்குப் போய்விடும். கறுப்புக் காய்கள் கடைசி மூன்று வரிசைக்குள் நெருக்கியடித்து நிற்கும். காய்களை மாற்றினால்தான் மூச்சு விட முடியும். அதைத் தெரிந்த எதிராளி பிஷப்பை எஃப்1-க்குப் பின்வாங்கி மாற்றத்தைத் தவிர்ப்பார். யானை இ8, பிஷப் எஃப்8, ஜி6, பிஷப் ஜி7 என்று பொறுமையாக அடுக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தப் பொறுமையைப் புகட்டுவது லேசல்ல.

டி6 பிடித்திருந்தால் முதலில் 3...ஏ6 ஆடி, 4.பிஷப் ஏ4 வந்த பின் டி6 வைக்கச் சொல்லுங்கள். அப்போது வெள்ளை 5.டி4 என்று பாய்ந்தால் பி5 என்று விரட்டலாம்: 6.பிஷப் பி3, குதிரை டி4-ஐ வெட்டும் 7.குதிரை வெட்ட, சிப்பாய் வெட்டும். 8.ராணி டி4-ஐ எடுத்தால் சி5, 9.ராணி டி5, பிஷப் இ6 10.ராணி சி6 செக், பிஷப் டி7 11.ராணி டி5, சி4. பி3 பிஷப் சிறைப்பட்டது. பழைய முறையில் பிஷப் பி5-இலேயே உட்கார்ந்திருப்பதால் இந்த ஆயுதம் கறுப்புக்குக் கிடையாது.

அடுத்த இதழில் 7.யானை இ1 வந்த நிலையைக் கட்டப் படத்தோடு போட்டு, சென்ற வாரக் குறிப்பைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். ராணியை எந்த யானை வெட்டினால் என்ன ஆகும் என்பதை இரண்டு தனிப் படங்களாகக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சுலபமாகப் புரியும்.

இப்படிக்கு,
செஸ் பயிற்சியாளர்,
அண்ணா நகர், சென்னை