மூன்று வேட்டித் திரையில் கடோத்கசன்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர் மக்களுக்கும், அன்று பக்கத்து ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களுக்கும் வணக்கம்.

ஆடிப்பெருக்குக்கு அடுத்த சனிக்கிழமை மாலை நம் கல்யாண மண்டபத்தில் 'மாயா பஜார்' படம் திரையிட்டு இன்றோடு பத்து நாள் ஆகிறது. வீடு வீடாக வந்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நான்கு வீடு ஏறுவதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது. "எழுதிக் கொடுத்துவிடு, ஆளுக்கு ஒரு தரம் படித்துக்கொள்வார்கள்" என்றார் அப்பா. அதனால் இந்த மடல்.

அப்பாவை உங்களுக்குத் தெரியும். இந்த வட்டாரத்தில் 46 ஆண்டுகள் கல்யாணச் சமையல் செய்தவர். முழங்கால் வலி தாங்காமல் போன தை மாதத்தோடு கரண்டியைக் கீழே வைத்தார். வேலையை விட்ட மனிதருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று, என்ன வேண்டும் அப்பா என்று கேட்டேன். மோதிரம், காசி யாத்திரை என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். 'மாயா பஜார்' பார்க்க வேண்டும் என்றார். கைப்பேசியில் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பந்தியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சாப்பிடச் சொல்கிறாயா?" என்றார். அவர் கேட்டது படத்தை மட்டும் இல்லை, பக்கத்தில் ஆட்களையும் என்று அப்போதுதான் புரிந்தது.

முதல் நன்றி மண்டபத்து நிர்வாகி அண்ணனுக்கு. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மாதானே இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். சும்மா இருக்கும் மண்டபத்துக்கும் விளக்கு, தண்ணீர், துப்புரவு என்று செலவு உண்டு. ஒரு ரூபாய் வாங்கவில்லை. "உங்கள் அப்பா இந்த மண்டபத்தில் எத்தனை ஆயிரம் இலை போட்டிருப்பார்" என்று சொல்லிச் சாவியைக் கையில் வைத்தார்.

அடுத்து நம் கடைத்தெருத் தையற்காரர். திரைக்கு வாடகை விசாரித்தபோது எங்களுக்குக் கட்டுப்படியாகாத தொகை சொன்னார்கள். அதைக் கேள்விப்பட்ட அவர், மூன்று எட்டு முழ வேட்டிகளைக் கரை பிரித்து, மடிப்புத் தெரியாமல் சேர்த்துத் தைத்துத் தந்தார். அந்தக் காலத்துப் படம் ஏறக்குறையச் சதுரமான சட்டத்தில் இருக்கும். மூன்று வேட்டி அளவாகப் பொருந்திவிட்டது. ஒலி-ஒளி அமைத்த தம்பிக்கும் இங்கேயே நன்றி. படத்தை இழுத்து அகலத் திரைக்குப் பொருத்தச் சொன்னவர்களிடம் அவர் மறுத்துவிட்டார். இழுத்தால் சாவித்திரியின் முகம் முகமாக இருக்காது என்று சொன்னார். அவருக்கு வயது 24. அந்த அக்கறைக்காகவே அவரைத் தனியாகப் பாராட்ட வேண்டும்.

படம் தொடங்கும் முன் பத்து நிமிடம் பேசிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு என் வணக்கம். அவர் சொல்லித்தான் பல செய்திகள் எனக்கே தெரிந்தன. வடபழனியில் இருந்த விஜயா-வாகினி ஸ்டூடியோவின் படம். நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தயாரித்து, கே. வி. ரெட்டி இயக்கியது. தெலுங்கிலும் தமிழிலும் ஒரே சமயத்தில் எடுத்தார்கள். 1957 மார்ச் 27 அன்று தெலுங்குப் படமும், ஏப்ரல் 12 அன்று தமிழ்ப் படமும் வெளிவந்தன. தெலுங்கில் அபிமன்யுவாக நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். கிருஷ்ணனாக என். டி. ராமராவ், கடோத்கசனாக ரங்கா ராவ், அபிமன்யுவின் காதலியான கதாநாயகி வத்சலாவாகச் சாவித்திரி ஆகியோர் இரண்டிலும் உண்டு. சகுனி நம் நம்பியார், துரியோதனன் மகன் லக்ஷ்மணகுமாரன் நம் தங்கவேலு. ஐயா ஒரு காகிதம்கூட வைத்துக்கொள்ளாமல் இத்தனையையும் சொன்னார்.

அவர் சொன்னதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது துவாரகை. படத்தில் வரும் அந்த நகரம் ஐம்பதடிக்கு அறுபதடி இடத்தில் எழுப்பிய சிறு மாதிரி. சுமார் 300 குட்டி வீடுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் விளக்கு. கணினி என்ற பேச்சே இல்லாத காலம். யாரோ ஓர் ஆள் குனிந்து உட்கார்ந்து 300 வீட்டுக்கும் கம்பி இழுத்திருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குச் சமையற்கட்டில் தேங்காய் துருவியவர் பெயர் தெரியாததைப் போலத்தான். அந்த முகம் தெரியாத ஆட்களுக்கும் இந்த மடலில் ஒரு நன்றி எழுதுகிறேன். அவர்களைச் சேர்ந்தவர்கள் யாராவது எங்காவது இதைப் படிக்கட்டும்.

படகுப் பாட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 'ஆஹா இன்ப நிலாவினிலே' தொடங்கியதும் மண்டபத்தில் விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த நிலவில் பெரும்பகுதி ஸ்டூடியோவுக்குள் விளக்குகளால் உண்டாக்கியது. ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி, பின்னாளில் 'செம்மீன்' படத்தின் கடலைப் படம்பிடித்தவர். கறுப்பும் வெளுப்பும் அவற்றுக்கு நடுவே உள்ள நூறு சாம்பல் நிறங்களும்தான் அவர் கையில் இருந்தவை. தெலுங்குப் படத்துக்கு 2010இல் வண்ணம் ஏற்றி வெளியிட்டார்கள். வரவேற்பும் இருந்தது. ஆனாலும் என் மனம் அதில் ஒட்டவில்லை. வண்ணம் ஏற்றினால் தண்ணீர் நீலமாகிவிடுகிறது, பட்டுப் புடவை சிவப்பாகிவிடுகிறது. நிலவு எங்கோ பின்னால் போய்விடுகிறது. கறுப்பு வெள்ளையில் அந்தத் தண்ணீருக்கு ஒரே வேலைதான், நிலவை ஏந்தி நிற்பது.

பாட்டு ஓடும்போது என் பக்கத்தில் இருந்த வளையல் கடை அக்கா 'லாஹிரி லாஹிரி' என்று தெலுங்கில் முணுமுணுத்தார். அவர் வீட்டுமொழி தெலுங்கு என்பதே முப்பது வருடப் பழக்கத்தில் எனக்கு அன்றுதான் தெரியும். அக்கா, அன்று நீங்கள் பாடியதற்கு நன்றி. நல்ல குறுந்தகட்டைச் சென்னையிலிருந்து வாங்கி அனுப்பிய உங்கள் தம்பிக்கும் சேர்த்து.

இளைஞர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்வரிசையில் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர், லட்டு கொடுக்கும் நேரத்துக்கு வந்தால் போதும் என்று பேசிக்கொண்டதை நானே கேட்டேன். சாவித்திரியின் வாழ்க்கையைச் சொல்லி 2018இல் வந்த 'நடிகையர் திலகம்' படத்தில் கீர்த்தி சுரேஷைப் பார்த்தவர்கள், அசல் எப்படி இருக்கிறது என்று கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று நின்றிருக்கிறார்கள். கடோத்கசன் வத்சலாவின் உருவத்தை எடுத்துக்கொண்டு வரும் கட்டம் வந்தது. அதில் எந்தத் தந்திரக் காட்சியும் கிடையாது. இருப்பது சாவித்திரி மட்டும். பெண் முகம், பெண் உடை, உள்ளே மலைபோல ஓர் அரக்கன். தோள் ஒரு தூக்குத் தூக்கும், நடையில் ஒரு மிதப்பு வரும், யாராவது பார்த்துவிட்டால் சட்டென்று நாணம் வந்து உட்காரும். அப்போது அவருக்கு இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். பின்வரிசையிலிருந்து முதல் கைதட்டல் அங்கேதான் எழுந்தது. அதன்பிறகு பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசிவரை எழுந்திருக்கவில்லை. தம்பிகளே, தங்கைகளே, இருந்ததற்கு நன்றி. நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டுப் போனதற்கும்.

மனதுக்குப் பிடித்தவரைக் காட்டும் பிரியதர்சினிப் பேழையைத் திறந்து வத்சலா அபிமன்யுவைப் பார்க்கும்போது முன்வரிசைக் குழந்தைகள் "வீடியோ கால்! வீடியோ கால்!" என்று கத்தினார்கள். அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஏழு வயதுப் பெண் ஒருத்தி மட்டும் என்னிடம் வந்து, பாண்டவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டாள். படம் முழுக்கப் பேச்சு அவர்களைப் பற்றித்தான், ஆனால் ஐவரில் ஒருவர்கூடத் திரையில் தோன்றுவதில்லை. அத்தனை முறை பார்த்த அப்பாவே இதைக் கவனித்ததில்லை. கண்மணி, உன் கேள்விக்கு நன்றி. வியாசர் பாரதத்தில் இந்த அபிமன்யு-வத்சலா கல்யாணக் கதையே இல்லை என்றும், மக்கள் தாங்களாகச் சொல்லிச் சொல்லி வளர்த்தது என்றும் தமிழாசிரியர் ஐயா உன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார் அல்லவா, அதை மறக்காதே.

இனி, மின்சாரம் போன கதை. சரியாகக் கடோத்கசன் கல்யாண விருந்தின் முன் வந்து உட்காரும் நேரம். அப்பா நாற்பது வருடமாகக் காத்திருந்த காட்சி. இருட்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பந்தல்காரர் அண்ணன் தள்ளுவண்டியில் ஜெனரேட்டரைக் கொண்டுவர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்தில் ஒருவர்கூட வெளியே போகவில்லை. முதலில் அப்பாவோடு வேலை பார்த்த பரிமாறுகிற ஆட்கள் 'கல்யாண சமையல் சாதம்' என்று எடுத்தார்கள். பிறகு மண்டபமே பாடியது. திருச்சி லோகநாதனின் அந்தக் குரலில் இருக்கும் சிரிப்புக்கு ஐம்பது பேர் ஐம்பது விதமாக முயன்றார்கள்.

பாட்டு ஓய்ந்தபின் இருட்டில் ஒரு பாட்டி பேசினார். மேலத்தெருவில் பூக்கட்டும் பாட்டி. சிறுவயதில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்தவர். "அபிமன்யு பதின்மூன்றாம் நாள் போய்விடுவான், கடோத்கசன் பதினான்காம் நாள் ராத்திரி போய்விடுவான். ரெண்டும் சின்னப் பிள்ளைகள். இந்தக் கதையில்தான் அவர்கள் சிரித்துக்கொண்டு இருக்கிறார்கள். அதனால்தான் இதை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்குப் போதவில்லை" என்றார்.

இந்தப் படம் ஏன் இன்னும் நிற்கிறது என்று யார் யாரோ சொன்ன காரணங்களை நான் கேட்டிருக்கிறேன். இந்தியச் சினிமாவின் நூற்றாண்டையொட்டி 2013இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் நடத்திய இணைய வாக்கெடுப்பில் இதுவே ஆகச்சிறந்த இந்தியப் படமாக முதலிடம் பெற்றது. தந்திரக் காட்சி, இசை, நடிப்பு என்று எல்லாமே உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டி சொன்னதுதான் எனக்கு முழுக் காரணமாகப் பட்டது. பெரும் போர் வரப்போகும் குடும்பத்தில் ஒரு கல்யாணம். கெட்டவர்களைக் கொல்லாமல் கேலி செய்து அனுப்பிவைக்கிறார்கள். படம் முழுக்க ஒரு சாவு இல்லை. பின்னால் வரப்போவது தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கும், தெரியாத ஏழு வயதுக்கு அது வெறும் சிரிப்பு. இருவரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். பாட்டி, உங்கள் கால் தொட்டு நன்றி சொல்கிறேன்.

ஜெனரேட்டர் வந்தது. பந்தல்காரர் அண்ணன் டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. ஒளித்தம்பி படத்தைப் பின்னால் தள்ளி அந்தப் பாட்டை முதலிலிருந்து போட்டார். அப்பா அண்டாக்களை எண்ணினார். லட்டுகள் ஒவ்வொன்றாகக் காற்றில் எழுந்து ரங்கா ராவின் வாய்க்குள் போவதைப் பார்த்து எல்லோரும் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்ன வயதில் டூரிங் டாக்கீஸ் மணல் தரையில் உட்கார்ந்து இதைப் பார்த்தபோது அவருக்குப் பசி இருந்தது. வீட்டில் ஒருவேளைச் சோறு. அத்தனை சாப்பாட்டை ஒரே இடத்தில் அவர் முதன்முதலாகப் பார்த்தது அந்தத் திரையில்தான். "அதைப் பார்த்துத்தான் அம்மா நான் அடுப்படிக்குப் போனேன்" என்று அன்று இரவு வீட்டுக்கு வந்தபின் என்னிடம் சொன்னார். இத்தனை வருடத்தில் அம்மாவுக்கும் சொல்லாத செய்தி அது.

லட்டு பிடித்த அப்பாவின் பழைய சகாக்கள் ஆறு பேருக்கும் நன்றி. பூந்தி பதம் பார்க்க அவரையே அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்தீர்கள். 350 லட்டு பிடித்தும் கடைசியில் நான்கு பேருக்குக் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அவர்கள் யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள், வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன்.

திரைக்குத் தைத்த வேட்டிகளைப் பிரிக்க வேண்டாம் என்று தையற்காரர் சொல்லியிருக்கிறார். துவைத்து மடித்து மண்டபத்து அலமாரியில் வைத்திருக்கிறோம். கூட்டத்தில் யாரோ விட்டுப்போன எவர்சில்வர் தூக்கு ஒன்றும், குழந்தையின் ஒற்றைக் கொலுசும் அதே அலமாரியில் இருக்கின்றன. உரியவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
சமையற்காரர் மகள்