டி.எஸ்.எச். வரியையும் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் தைராய்டு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தைராய்டு ஹார்மோனான டி4 ரத்தத்தில் கூடினால் மிகைச் சுரப்பு, குறைந்தால் குறைச் சுரப்பு என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது சரிதான். ஆனால் அந்த இரண்டிலும் அடங்காத குடும்பம் எங்களுடையது.

எனக்கு 26 வயதில் நெஞ்சு படபடப்பு வந்தது. கழுத்தும் முன்பக்கம் லேசாக வீங்கியிருந்தது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 இரண்டும் அதிகம். சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை கொடுத்தார்கள். டி4 இறங்கியது, வீக்கமோ பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் அறுவை சிகிச்சை செய்து சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். அப்புறம் சுரப்பிக்கு ஈடாக வழக்கமான அளவில் தைராக்சின் (டி4) மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். இறங்கவில்லை. டி.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைச் சுரக்கச் சொல்லி அனுப்பும் ஹார்மோன்; ரத்தத்தில் டி4 கூடினால் அது இறங்கிவிட வேண்டும். "மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். ஒருநாள்கூட விட்டதில்லை என்றால் நம்பமாட்டார்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயதில்தான் விஷயம் தெரியவந்தது. அவளுக்கும் அதே படபடப்பு, ஓரிடத்தில் உட்காராத துறுதுறுப்பு. அவளைப் பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டில் டி4-ஐத் தாண்டி, டி.எஸ்.எச். வரியில் பேனாவை வைத்தார். 3.1. "டி4 இவ்வளவு இருந்தா இது பூஜ்யத்தை ஒட்டி இருக்கணுமேம்மா" என்றார். என் பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். முதல் ரிப்போர்ட்டிலேயே என் டி.எஸ்.எச். நார்மல்! அந்த வரியை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

இதற்குத் தைராய்டு ஹார்மோன் எதிர்ப்புநிலை என்று பெயர். 1967-லேயே சாமுவேல் ரெஃபெடாஃப் குழுவினர் இதை விவரித்துவிட்டார்கள். சுமார் 40,000 பிறப்புகளில் ஒருவருக்கு வருவது. பெரும்பாலும் டி.எச்.ஆர்.பி. என்ற மரபணுவில்தான் கோளாறு. ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் பீட்டா ஏற்பி சரியாக வேலை செய்யாததால், ரத்தத்தில் ஹார்மோன் நிறைய இருந்தும் பிட்யூட்டரிக்கு அது உறைப்பதில்லை. இன்னும் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இதயத்தில் அதிகம் இருப்பது ஆல்ஃபா ஏற்பி. அதில் பழுதில்லை, கூடுதல் ஹார்மோன் அங்கே வேலை செய்கிறது, அதனால் படபடப்பு. சுரப்பி என்ன தப்பு செய்தது? அதை வெட்டி எடுத்து என்ன பயன்?

டி4 கூடியும் டி.எஸ்.எச். அடங்காமல் இருந்தாலே இதுதான் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. ரத்தத்திலுள்ள சில எதிர்ப்புப்பொருள்கள் பரிசோதனையைக் குழப்பும், ஆகவே வேறு முறையில் ஒருதடவை பார்க்க வேண்டும். பிட்யூட்டரியில் டி.எஸ்.எச். சுரக்கும் கட்டி இருந்தாலும் இதே எண்கள்தான் வரும். ஸ்கேன் மட்டும் போதாது, தொந்தரவு செய்யாத சின்னக் கட்டி பலருக்குத் தற்செயலாகத் தென்படும். எங்கள் டாக்டர் முதலில் செய்தது எளிய காரியம்: என் அம்மா, தம்பி, தம்பியின் இரு பிள்ளைகள் எல்லோருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மாவுக்கும் தம்பிக்கும் அதே எண்கள். அதற்குப் பிறகுதான் மரபணுப் பரிசோதனை, அது உறுதிசெய்தது. (சிலருக்கு அந்த மரபணுவில் மாற்றம் தெரியாமலும் போகலாமாம்.)

அடுத்த இதழில் நான்கு வரியாவது இதைப் பற்றிப் போடுங்கள். என் மகளுக்கு இப்போது படபடப்புக்கு மட்டும் ஒரு மாத்திரை. அவள் சுரப்பியில் யாரும் கைவைக்கவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகி